‘குட்டை முடிதானே’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

எனக்குப் பிடரியோடு நிற்கிற கிராப். ரிலாக்ஸர் என்ற ரசாயன கிரீம் போட்டு நேராக்கியது. மூன்று மாதத்தில் வேரில் சுருட்டை எட்டிப் பார்த்தது. வழக்கமாகச் செய்துவிடும் அக்கா விடுப்பில் இருந்ததால் வேறொரு பார்லருக்குப் போனேன்.

“டச்-அப், கலர் ரெண்டும் இன்னைக்கே முடிச்சிடலாம் மேடம், குட்டை முடிதானே!” என்றார் அங்கிருந்தவர். டச்-அப் என்றால் புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியை மட்டும் நேராக்குவது. நானும் தலையாட்டினேன்.

முன்பு எந்த ரிலாக்ஸர் போட்டேன் என்றுகூடக் கேட்கவில்லை. ஹைட்ராக்சைடு வகை போட்ட முடியில், ரீபாண்டிங்குக்குப் போடுகிற தயோ கிரீம் பட்டால் முடி அறுந்தே போகும். நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நல்லவேளை, இரண்டு முறையும் ஹைட்ராக்சைடுதான், அந்த வகையில் தப்பித்தேன்.

ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் கடும் காரம் (அல்கலி), அதைக் காட்டும் பி.எச். அளவு 12க்கும் மேல். முடிக்கு வலுத் தருகிற கந்தகப் பிணைப்புகளை உடைத்துத்தான் நேராக்குகிறது. அதனால் புதிதாக வளர்ந்த இடத்தில் மட்டும்தான் தடவ வேண்டும். மூன்று மாத வளர்ச்சி நாலு சென்டிமீட்டர்கூட வராது. நீள முடியென்றால் கொஞ்சம் கை தவறினாலும் நுனி பிழைக்கும். கிராப்பில் எங்கே பிழைக்க? பார்லர்காரரோ சீப்பால் வேரிலிருந்து நுனிவரை இழுத்துவிட்டார். எரிகிறது என்றேன். “எரிஞ்சாதான் பிடிக்குதுன்னு அர்த்தம்” என்றார். சுத்தப் பொய். எரிந்தால் அந்த நிமிடமே அலச வேண்டும். நான் ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், புத்தி கெட்டு.

அலசிய கையோடு ப்ளீச்சைக் கலந்தார். ப்ளீச்சோடு கலக்கிற டெவலப்பர் பாட்டிலில் 40 வால்யூம் என்று போட்டிருந்தது. அதாவது 12 சதவீதப் பெராக்சைடு. ரிலாக்ஸருக்கும் கலருக்கும் நடுவில் இரண்டு வாரமாவது விட வேண்டும், நேராக்கிய முடிக்கு ப்ளீச்சே ஆகாது என்று பிற்பாடு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நிறம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் அம்மோனியா இல்லாத, அலச அலச மங்கிவிடுகிற செமி-பெர்மனென்ட் கலர் போதுமாம். அதையும் முதலில் ஒரு சிறு கற்றையில் போட்டுப் பார்க்கணுமாம்.

மறுநாள் தலை துவட்டிய துண்டு முழுக்க அரை விரல் நீள முடித்துண்டுகள். ஈரமாக ஒன்றை இழுத்தேன். சூயிங்கம் மாதிரி நீண்டது, திரும்பச் சுருங்கவில்லை, அறுந்தது.

கேட்கப் போனேன். “உங்க முடி ஏற்கெனவே வீக் மேடம்.” இலவசமாக ஸ்பா செய்து தருவார்களாம். கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

காதுக்கு மேலே ஒட்ட வெட்டியாயிற்று. உச்சியில் புண் காய்ந்துகொண்டிருக்கிறது. நேற்று அங்கிருந்து மெசேஜ்: அடுத்த டச்-அப்புக்குத் தள்ளுபடி.