இருவர் மட்டுமே செல்லும் பாய்ப்படகுக்கு எந்த லைஃப் ஜாக்கெட்? ஹம்மார் இயக்கி வகை பற்றிய மதிப்பீடு

தொண்டியிலிருந்து மல்லிப்பட்டினம் வரை கரையை ஒட்டிப் பாய் விரித்துச் செல்லும் எங்கள் சிறு படகில் என் கணவரும் நானும் மட்டுமே ஆட்கள். ஒருவர் சுக்கானைப் பிடித்தால் மற்றவர் பாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் ஒருவர் தவறிக் கடலில் விழுந்துவிட்டால், மிஞ்சியிருக்கும் ஒருவரே விழுந்தவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பாயை இறக்கி, படகைத் திருப்பிக் கொண்டுவந்து, நனைந்து கனத்துப்போன ஓர் ஆளைத் தூக்கி உள்ளே போடவும் வேண்டும். 5 நாட் (மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர்) வேகத்தில் செல்லும் படகு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 150 மீட்டர் விலகிப் போய்விடும். அலைகளுக்கு நடுவே அந்தத் தொலைவில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆகவே மிதக்க வைக்கும் திறனைக் காட்டிலும், ஆளைப் படகோடு பிணைத்து வைக்கும் அமைப்பு எப்படி இருக்கிறது என்பதையே இந்த மதிப்பீட்டில் முதன்மையாகக் கொள்கிறேன்.

நாங்கள் பயன்படுத்துவது 150 நியூட்டன் (ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தாங்கும்) மிதப்பு விசை கொண்ட, தானாக ஊதிக்கொள்ளும் வகை. மடித்து வைத்த காற்றுப்பையும், 33 கிராம் கரியமில வாயு அடைத்த சிறு உருளையும், தண்ணீரில் விழுந்ததும் அந்த உருளையைத் துளைக்கும் இயக்கியும் இதன் முக்கிய உறுப்புகள். ஜாக்கெட்டைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல இருந்தாலும் இயக்கிகளைச் செய்வோர் சிலரே. ஸ்வீடனைச் சேர்ந்த ஹம்மார் நிறுவனத்தின் இயக்கியைப் பலரும் தம் ஜாக்கெட்டுகளில் பொருத்தி விற்கின்றனர். வெளியே ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் இயக்கி எது என்று கேட்டு வாங்குவதே நம் பக்கத்துக் கடலுக்கு முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த இயக்கிகளில், இழுத்து வைத்த ஸ்பிரிங்கைச் சிறு மாத்திரை ஒன்று தடுத்து நிறுத்தியிருக்கும். தண்ணீர் பட்டு மாத்திரை கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு ஊசி உருளையைத் துளைக்கும். குளிர்நாட்டு ஏரிகளுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றையும், படகின் முன்முனையான அணியத்தில் மோதி ஓயாமல் தெறிக்கும் நீரையும் அந்த மாத்திரையால் பிரித்தறிய முடியாது. முன்பு நாங்கள் வாங்கிய அந்த வகை ஜாக்கெட் ஒன்று, யாரும் தொடாமலே, படகின் உள்ளறையில் மாட்டியிருந்த இடத்தில் வெடிச்சத்தத்துடன் ஊதிக்கொண்டது. விற்ற கடையில் கேட்டதற்கு, ஈரத்தில் வைத்தது எங்கள் பிழை என்றார்கள். கடலுக்குக் கொண்டுபோகும் பொருளை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹம்மார் இயக்கி நீரின் அழுத்தத்தைக் கொண்டு இயங்குவது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்தால்தான் அதன் வால்வு திறந்து உள்ளே தண்ணீர் செல்லும். இதைச் சோதித்துப் பார்க்க விரும்பி, வீட்டு முற்றத்தில் ஜாக்கெட்டை அணிந்து நின்ற என் கணவர்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்; எதுவும் நிகழவில்லை. பிறகு ஊர்க் கண்மாய்க்குச் சென்றோம். கரைச்சரிவில் மார்பளவு தண்ணீர் வரை இறங்கி அவர் முழுகியதும், 'டப்' என்ற ஓசையுடன் ஓரிரு நொடிகளில் மஞ்சள் நிறப் பை கழுத்தைச் சுற்றி விறைத்து எழுந்து, அவரை மல்லாத்தி முகத்தை மேலே தூக்கி நிறுத்தியது. குளித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன், "ஆச்சி, உள்ளே காத்தடிக்கிற மிஷினா இருக்கு?" என்று கேட்டு, பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

கவட்டுப் பட்டையின் தேவையும் அங்கேதான் தெளிவாக விளங்கியது. தொடைகளுக்கு இடையே சென்று முன்னால் மாட்டும் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு மிதந்தபோது, பை மட்டும் மேலெழும்பிக் காதை இடித்தது. உடல் கீழே தொங்கி, வாய் நீர்மட்டத்துக்கு வந்துவிட்டது. பட்டையை மாட்டியதும் வாய்க்கும் நீருக்கும் நடுவே நல்ல இடைவெளி கிடைத்தது. சிறிய உடல்வாகு கொண்ட எனக்கு இந்த வேறுபாடு இன்னும் அதிகமாகவே இருந்தது. புடவையோடு இப்பட்டை ஒத்துவராது என்பதால், பெண்கள் சுடிதாரோ கால்சட்டையோ அணிந்துதான் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். சில மாதிரிகளில் பட்டை தனியாக விற்கப்படுகிறது. இல்லாமல் வாங்காதீர்கள்.

அணிவதற்கு இது மிகவும் சுகமானது. நுரைப்பஞ்சு வைத்த பழைய வகை ஜாக்கெட்டைப் பங்குனி வெயிலில் அரை மணி நேரம் போட்டிருக்க முடியாது. கழற்றி ஓரமாக வைத்துவிட்ட ஜாக்கெட்டால் யாருக்கும் பயனில்லை. இதுவோ தோளில் போட்ட துண்டைப் போல் கிடப்பதால், காலையில் மாட்டினால் நங்கூரம் போடும்வரை கழற்றத் தோன்றுவதில்லை. உலோகக் கொக்கி உச்சி வெயிலில் சுடுவது மட்டுமே தொந்தரவு.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி. ஜாக்கெட்டின் முன்புறம் நெஞ்சுக்கு நேரே ஓர் உலோக வளையம் இருக்க வேண்டும். ஆளைப் படகோடு பிணைக்கும் கட்டுப்பட்டையை அதில் மாட்டி, படகின் நீளவாக்கில் அணியத்திலிருந்து பின்பகுதிவரை இழுத்துக் கட்டிய மற்றொரு பட்டையில் மறுமுனையைக் கொக்கியிட வேண்டும். 1 மீட்டர், 2 மீட்டர் நீளத்தில் கொக்கியுள்ள இரு கைகளாகப் பிரியும் கட்டுப்பட்டையே சிறந்தது. குட்டைக் கையை மாட்டி வேலை செய்தால் ஆள் படகின் விளிம்பைத் தாண்டி விழும் வாய்ப்பு மிகவும் குறையும்; இடம் மாறும்போது ஒன்றை மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்றலாம். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது; காற்று எழும்பினால் குட்டையான, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து வந்து படகை உலுக்கும். பாயைச் சுருக்க ஒருவர் முன்னால் செல்ல வேண்டிய நேரமும் அதுவே. அம்மாபட்டினத்துக்கு வடக்கே, 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்ட கடற்பசு காப்பகத்தை ஒட்டிச் செல்லும்போது, கடற்பசு தென்படுகிறதா என்று விளிம்பில் சாய்ந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவது கடினம். அந்த வேளையிலும் கொக்கி மாட்டியே இருக்க வேண்டும் என்பது எங்கள் படகில் மாறாத விதி.

கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2017-இல் உலகைச் சுற்றும் பாய்ப்படகுப் போட்டி ஒன்றில், கட்டுப்பட்டையின் கொக்கி தளத்திலிருந்த கயிறு கட்டும் முளையின் அடியில் சிக்கி, பக்கவாட்டு இழுப்பில் வளைந்து விடுபட்டதால் ஒருவர் கடலில் விழுந்து உயிரிழந்தார். நேராக இழுத்தால் பெரும்பாரம் தாங்கும் கொக்கி, பக்கவாட்டில் இழுபட்டால் தாங்காது. நாங்கள் படகில் கட்டிய பட்டையின் முனைகளை அத்தகைய முளைகளிலிருந்து தள்ளி அமைத்துக்கொண்டோம்.

குறைகளும் உண்டு. மாத்திரை வகையோடு ஒப்பிட்டால் ஹம்மாரின் மாற்று இயக்கி கணிசமாக விலை கூடியது. ஒருமுறை ஊதிவிட்டால் உருளையோடு சேர்த்து மாற்ற வேண்டும், ஊதாவிட்டாலும் 5 ஆண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும். வாயு உருளை என்பதால் விமானக் கூரியரில் எளிதாக ஏற்க மாட்டார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர் வந்துபோவது வழக்கம் என்றாலும், அவர்கள் வழியாக வரவழைப்பதாக இருந்தால் விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெறச் சொல்லுங்கள். இயக்கி நல்ல நிலையில் இருப்பதைப் பச்சை நிறத்தில் காட்டும் சிறு கண்ணாடி மடிப்புக்குள் மறைந்திருப்பதும் வசதிக்குறைவே; ஒவ்வொரு முறையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டியுள்ளது. கட்டுப்பட்டையில் தொங்கியபடி இடுப்பளவு மட்டும் நீரில் இருந்தால் ஜாக்கெட் தானாக ஊதாது. அப்போது கீழே தொங்கும் கைப்பிடியை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அந்தக் கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. கடலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, வளவில் நிழல் விழும் பக்கம் உலர விடுகிறோம். அவ்வப்போது வாயால் ஊதி ஒரு நாள் முழுவதும் வைத்துக் காற்று இறங்குகிறதா என்று பார்க்கிறோம். உருளையின் மொத்த எடை அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தால், வாயு கசிந்திருந்தால் ஒரு கிராம் குறைவுகூட ஒளியாது. உருளை தானாகத் தளரக்கூடும் என்பதால் புறப்படும் முன் கையால் முறுக்கிப் பார்த்துவிடுவது நல்லது. கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரு எண்களையும் அழியாத மையில் பையின் உட்புறம் எழுதி வைத்திருக்கிறோம்.

நாள்தோறும் வலை இழுக்கும் நாட்டுப்படகு மீனவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உருளையும் இயக்கியும் மாற்றும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, மீன்முள்ளும் தூண்டில்முள்ளும் காற்றுப்பையைக் கிழித்துவிடும். அவர்களுக்குப் பஞ்சு வகையே பொருத்தம். இருவராகப் பாய்ப்படகில் செல்பவர்கள், இரண்டு ஜாக்கெட் வாங்கும் அளவுக்கே பணம் இருந்தால், வெளிநாட்டுப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்காமல், நெஞ்சு வளையமும் கவட்டுப் பட்டையும் ஹம்மார் இயக்கியும் உள்ள எளிய மாதிரியை எடுத்து, மீதியில் இரு கைக் கட்டுப்பட்டை இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள்.