இடுப்பு ஜவ்வும் ஒத்தக்கடை மாடி அறையும்

மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில், இடுப்பு வலிக்காக ஒரு மாடி அறையில் நான் குப்புறப் படுத்திருந்த 40 நிமிஷத்தைப் பற்றித்தான் இதில் எழுதப் போகிறேன். 26 நாள் லீவில் தங்கச்சி மகள் காதுகுத்து, கறிவிருந்து, அழகர்கோயில் எல்லாம் நடந்தன. அதெல்லாம் வழக்கம் போல. இந்த 40 நிமிஷம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கும்போதே, பிப்ரவரியிலிருந்து இடது பக்க இடுப்பில் ஒரு பிடிப்பு இருந்தது. ஜி.பி.யிடம், அதாவது அங்கத்து குடும்ப டாக்டரிடம் போனேன். படுக்கச் சொல்லி, காலை மடக்காமல் தூக்கிப் பார்த்தார். ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம், பிசியோவுக்கு (உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து வலியைப் பார்க்கிறவர்) எழுதுகிறேன் என்றார். அந்த பிசியோ 5 வாரம் கழித்து போனில் கூப்பிட்டார், 12 நிமிஷம் பேசினார். பிறகு ஈமெயிலில் பயிற்சிப் படங்கள் போட்ட நாலு பக்கம் வந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாசாமாசம் வரி பிடிக்கிறார்கள், ஒரு படம் எடுத்துப் பார்க்க இவ்வளவு யோசனையா? சித்திரைக்கு ஊருக்குப் போகிறோமே, அங்கே ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். அந்த நாலு பக்கத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மதுரை ஏர்போர்ட்டில் 23 கிலோ பெட்டியை பெல்ட்டிலிருந்து திரும்பியபடியே இழுத்து இறக்கினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் கொல்லைக் குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு தும்மல். அவ்வளவுதான். இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஓடியது. குழாயைப் பிடித்தபடியே நின்றேன். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் காலடியில் ஓடுகிறது. குழாயை மூட இன்னும் ஒரு சாண் குனிய வேண்டும். அது முடியவில்லை. அம்மா வந்துதான் மூடினார்.

அதற்கப்புறம் வீடு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஒத்தடம் கொடுத்தார். அது சுகமாகத்தான் இருந்தது. சித்தப்பா ஒரு இடுப்பு பெல்ட் வாங்கி வந்தார். கீழே உட்காராதே, படியேறாதே, ஒரு மாசம் கட்டிலை விட்டு எழுந்திரிக்காதே என்று ஆளாளுக்கு உத்தரவு. பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர் மிதித்தால் பிடிப்பு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படிப் பிறந்த ஒருவரை மாமா பைக்கில் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அவர் ரொம்ப நல்ல மனுஷர், வாசலில் நின்று, "மெதுவாத்தான் மிதிப்பேன் தம்பி, பயப்படாதீங்க" என்றார். சின்ன வயதில் எங்கள் தாத்தா இப்படித்தான் திண்ணையில் குப்புறப் படுத்து மிதி வாங்குவார். அது நினைவுக்கு வந்ததும் கண் கலங்கியது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு அதில் வருத்தம்தான்.

அன்று சாயங்காலம் 7 மணிக்கு ஸ்கேன் எடுப்பது என்று முடிவானது. 8.30 மணிக்கு நான் எம்.ஆர்.ஐ. மிஷினுக்குள் இருக்கிறேன். 10 மணிக்குள் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் கையில். யாருடைய சிபாரிசும் இல்லை, அப்பாயின்ட்மென்ட் இல்லை. லெஸ்டரில் இரண்டு மாசம் கேட்டும் கிடைக்காதது. இதுதான் நம்ம ஊர் என்று அன்று ராத்திரி நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் காலையிலிருந்து அந்த ஃபிலிமை எல்லோரும் பார்த்தார்கள். மாமா டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மருந்துக்கடைத் தம்பி பார்த்தார். எதிர்வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார் பார்த்து, "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல போயிருக்கு" என்றார். இடுப்பில் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வைத்தான் (டிஸ்க்) சொன்னார். ரிப்போர்ட் இரண்டு பக்கமும் இங்கிலீஷ். அதைப் படித்துப் படித்து எனக்கு வலி கூடியது. உண்மையாகவே கூடியது.

அப்புறம் டாக்டர். டோக்கன் 47. ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்து, உட்கார முடியாமல் நின்று, ஒன்பதரைக்கு உள்ளே போனேன். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். "எல் 4 – எல் 5. ஜவ்வு வெளிய வந்துருச்சு. ஆபரேஷன் பண்ணிரலாம். நீங்க எப்ப ரிட்டர்ன்?" என்றார். மூன்று நிமிஷம் இருக்கும். எந்தக் கால் என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. காலைத் தொடவே இல்லை. நான் ஒரு கேள்வி கேட்க வாயெடுப்பதற்குள் 48-ம் டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது. வெளியே வந்ததும் அம்மா ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவரைச் சமாதானப்படுத்த எனக்கே ஒன்றும் தெரியவில்லை. இந்த மூன்று நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. தெருத்தெருவுக்கு ஸ்கேன் சென்டர் இருக்கிற ஊரில், காலைத் தொட்டுப் பார்க்க நேரம் இல்லையா?

பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன்தான் ஒத்தக்கடைக்குக் கூட்டிப் போனான். மேலூர் ரோட்டில் ஒரு கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு ஃபேன். ஜன்னலைத் திறந்தால், யானை படுத்திருக்கிற மாதிரி யானைமலை. பிசியோ பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நான் ஃபிலிம் கவரை நீட்டினேன். "அது இருக்கட்டும்ணே, அப்புறம் பார்க்கலாம். மொதல்ல செருப்பைக் கழட்டுங்க" என்றார்.

குதிகாலில் நடக்கச் சொன்னார், பிறகு முன்னங்காலில். பெருவிரலைத் தன் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, "நான் அமுக்குறேன், நீங்க விடாம தூக்குங்க" என்றார். வலது விரல் திமிறிக்கொண்டு நின்றது. இடது விரல் கொஞ்சம் தணிந்தது. அதைக் குறித்துக்கொண்டார். ஊசி முனையால் இல்லாமல், பஞ்சால் பாதத்தின் மேல்பக்கம் தொட்டு இரண்டு பக்கமும் ஒன்று போல் தெரிகிறதா என்று கேட்டார். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கினார், 40 டிகிரியில் சுரீர் என்றது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஃபிலிமை எடுத்துப் பார்த்தார்.

"கொழுக்கட்டைய ஒரு பக்கமா அமுக்கினா பூரணம் மறுபக்கம் பிதுங்கும்ல, அதாண்ணே இது. முன்னால குனியக் குனியப் பின்பக்கம் பிதுங்குது. அங்கதான் நரம்பு இருக்கு" என்றார். நரம்பை அது நசுக்குவதால் மட்டும் வலி இல்லையாம். உள்ளே இருக்கிற கூழ் வெளியே கசிந்தால் நரம்பைச் சுற்றிப் புண் மாதிரி அழற்சி உண்டாகிறது. அதனால்தான் சின்னப் பிதுக்கத்துக்கும் உயிர் போகிற வலி வரும், பெரிய பிதுக்கம் சிலருக்கு வலியே தராது. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது, அதனால் காலையில் எழுந்த உடனே குனிவதுதான் மோசம். குழாயடி, தும்மல், எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு குப்புறப் படுக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம் சும்மா. அதற்கப்புறம், "ஜன்னல்ல பாருங்க, யானை படுத்துருக்குல்ல, அது மாதிரி முழங்கைய ஊணி நெஞ்சை மட்டும் தூக்குங்க. இடுப்பு கட்டில்லயே கிடக்கட்டும்" என்றார். முதலில் இடுப்பில் வலி கூடியது. பயந்துபோய்ச் சொன்னேன். "கால்ல எங்க இருக்கு?" என்றார். யோசித்துப் பார்த்தேன். பெருவிரலில் இல்லை, கெண்டைக்காலில் இருந்தது. மறுபடி பத்து தடவை. "இப்ப?" முழங்காலுக்குப் பின்னால். மறுபடி பத்து தடவை, கை நீட்டி. "இப்ப?" தொடையில் பாதி வரைக்கும்தான். "அவ்வளவுதாண்ணே. வலி கால்லருந்து இடுப்புக்கு ஏறி வந்தா நல்ல சேதி. இடுப்பு கொஞ்சம் கூட வலிச்சாலும் பரவாயில்ல. இடுப்புலருந்து காலுக்கு எறங்குனா மட்டும் நிப்பாட்டிருங்க."

இதை ஒருவர் சொல்ல இத்தனை மாசமாயிற்று. அன்று ராத்திரி லெஸ்டர் பிசியோ அனுப்பிய ஈமெயிலைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் அதே படம்: குப்புறப் படுத்து முழங்கை ஊன்றிய ஆள். நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சியின் முறை, 1950-களிலிருந்தே இருக்கிறதாம். படம் சரியாகத்தான் அனுப்பியிருந்தார்கள். வலி எந்தத் திசையில் நகர்கிறது என்று கவனி, அதுதான் கணக்கு என்பதைப் பக்கத்தில் நின்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இங்கே ஸ்கேன் எடுக்க ஆள் இருந்தது, அதைச் சொல்ல ஒத்தக்கடை வரைக்கும் போக வேண்டியிருந்தது.

ஸ்கேன் எடுக்காததற்காக அந்த ஜி.பி.யைத் திட்டியது தப்பு என்றும் அன்றுதான் தெரிந்தது. 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வு புடைப்பு இருக்கிறது, 80 வயதில் 84 சதவீதம். வலி இல்லாமலேயே! ஆபரேஷன் பற்றியும் படித்தேன். 2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கடுமையான கால்வலி இருந்த 283 பேரில் பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மீதிப் பேருக்கு முதலில் காத்திருப்பு. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆபரேஷனே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம். இந்த இரண்டு வழியையும் ஒரு நோயாளியின் முன்னால் வைக்க ஐந்து நிமிஷம் போதும், அதைத்தான் கேட்கிறேன்.

ஒத்தக்கடைப் பெண் அதையும் செய்தார். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் கால்வலி தணிந்துவிடும், வெளியே பிதுங்கிய துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், பெரிய துண்டுதான் நன்றாகக் கரையும் என்றார். பிறகு ரசீதின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்தார்: மூத்திரம் வராமல் அடைத்தால் அல்லது தெரியாமல் போனால்; உட்காருகிற இடம் மரத்துப்போனால்; பாதம் தூக்க முடியாமல் தொங்கினால்; இரண்டு காலிலும் வலி இறங்கினால். "இதுல எது வந்தாலும் எனக்கு போன் பண்ணாதீங்க. அந்த நிமிஷமே பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிருங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும்." அந்த ரசீது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. பீஸ் 300 ரூபாய். லெஸ்டரில் தனியாகப் போனால் இதற்கு 50 பவுண்டாவது கேட்பார்கள். நான் கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

பெல்ட்டைக் கழற்றச் சொன்னார், அது சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கட்டிலில் ஒரு நாள், ரெண்டு நாள் போதும், அப்புறம் நடங்க என்றார். காலையும் சாயங்காலமும் கண்மாய்க் கரையில் பத்து நிமிஷம் நடந்தேன். வேகத்தடைக்கு வேகத்தடை தூக்கிப் போடுகிற ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டேன். பஸ் என்றால் கடைசி சீட் கிடையாது. காதுகுத்து விருந்தில் எல்லோரும் பந்திப்பாயில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட, எனக்கு மட்டும் ஓரத்தில் ஒரு மேஜை. பத்து வருஷம் கழித்து அந்தப் பந்தியில் உட்கார ஆசைப்பட்டுத்தான் டிக்கெட்டே எடுத்தேன். அந்த வருத்தம் மட்டும் வலியை விடப் பெரிதாக இருந்தது. அதற்கப்புறம் இன்னும் மூன்று முறை ஒத்தக்கடை போனேன். நாலாம் முறை போனபோது பெருவிரல் பாதிக்கு மேல் திமிறியது.

திரும்பி வரும்போது பெட்டியைத் தம்பி தூக்கிப் போட்டான். நடைபாதை ஓரத்து சீட் கேட்டு வாங்கி, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். அம்மாவின் பருத்தித் துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்துக்கொண்டேன். இப்போது பத்தாவது வாரம். கெண்டைக்காலில் ஒன்றும் இல்லை. காலையில் கொஞ்ச நேரம் புட்டத்தில் ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். ஃபிலிம் கவர் ஊரில் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.

அம்மா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முன்பெல்லாம் சாப்பிட்டியா என்றுதான் ஆரம்பிப்பார். இப்போது எடுத்த எடுப்பில், "கால்லயா, இடுப்புலயாப்பா?" என்கிறார். இடுப்பில்தான்மா என்றால் அங்கே ஒரு பெருமூச்சு கேட்கிறது. அப்புறம்தான் சாப்பாட்டுப் பேச்சு.