டைசனை நிறுத்திய மூன்று வழிகள்: எதை நம்பலாம்?

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் உயரம் 5 அடி 10 அங்குலம், கைவீச்சு (இரு கைகளையும் விரித்தால் நுனி முதல் நுனி வரை) 71 அங்குலம். அதிக எடையுள்ளவர்களுக்கான ஹெவிவெயிட் பிரிவில் அவரை எதிர்த்தவர்களில் அநேகமாக எல்லோரும் அவரைவிட நெடியவர்கள், கையும் நீண்டவர்கள். ஆனாலும் 1990 பிப்ரவரி வரை 37 சண்டைகளில் 37 வெற்றி. தலையை இரு பக்கமும் அசைத்தபடி, எதிராளி கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாப்புக்கு அடியில் நுழைவார். எதிராளி பதறி நேர்கோட்டில் பின்வாங்குவார். பின்னால் போகிறவருடைய குத்தில் வலு இருக்காது, முதுகு கயிற்றில் பட்டுவிட்டால் விலகவும் வழியில்லை. அதன் பிறகு விலாவுக்குப் பக்கவாட்டில் வளைத்து ஒரு ஹூக், தாடைக்குக் கீழிருந்து மேலாக ஓர் அப்பர்கட்.

இப்படி நெருங்கி அடிப்பவர்களுக்கு அரைக்கை தூரம்தான் சொந்த இடம். அவர்களால் ஒழுங்காக அடிக்க முடியாத இடங்கள் இரண்டே இரண்டு: நீட்டிய கைக்கு அப்பால், அல்லது மார்போடு மார்பு ஒட்டிய நிலை. பின்வாங்க நேர்ந்தால் அவர்களுடைய குத்திலும் வலு இருக்காது. ஆகவே எதிராளிக்கு இருப்பவை மூன்று வழிகள். வெளியிலேயே நிறுத்துவது, உள்ளே வந்ததும் கட்டிப்பிடிப்பது, அவரையே பின்னால் நடக்கவைப்பது.

முதல் வழிக்கு எல்லோரும் காட்டும் சான்று பஸ்டர் டக்ளஸ். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. அமெரிக்கப் பந்தயக்காரர்கள் அவருக்கு 42-க்கு 1 என்று விலை வைத்திருந்தார்கள், அதாவது அவர் வெல்வார் என்று நம்பவில்லை. டக்ளஸின் கைவீச்சு 83 அங்குலம், அதாவது டைசனைவிட ஓர் அடி நீளம். ஆனால் நீளம் மட்டும் போதுமென்றால் அந்த 37 பேரில் பலர் வென்றிருக்க வேண்டும். டக்ளஸ் ஒற்றை ஜாப்போடு நிற்கவில்லை. இரட்டை ஜாப், அதன் வால் பிடித்தாற்போல் வலக்கை, உடனே பக்கவாட்டில் ஓரடி. டைசன் குனிந்து நுழைந்தால் அப்பர்கட், அதையும் தாண்டி வந்துவிட்டால் கையைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். அடித்த இடத்திலேயே நின்று தன் அடியை ரசிக்கவில்லை. உயரமானவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

இந்த வழியின் ஓட்டையும் அதே இரவில் தெரிந்தது. ஏழு சுற்றுகள் சண்டையைத் தன் போக்கில் நடத்திய டக்ளஸ், எட்டாவது சுற்றின் கடைசி நொடிகளில் ஒரே ஒரு வலக்கை அப்பர்கட்டில் தரையில் கிடந்தார். எழுந்து, பத்தாவது சுற்றில் டைசனை வீழ்த்தினார் என்பது உண்மை. ஆனாலும் வெளியிலிருந்து ஆடுகிறவர் முப்பது நிமிடம் சரியாக ஆடி ஒரு நொடி தவறினால் போதும். டைசன் அன்று அரைகுறைத் தயாரிப்போடு வந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் தரப்பினர் வீங்கிய கண்ணை அமுக்க உரிய உலோகக் கருவிகூட இல்லாமல், ஐஸ் நீர் நிரப்பிய ரப்பர் கையுறையை வைத்துச் சமாளித்தார்கள்.

உயரமான அந்தோணி ஜோஷுவா 2019-இல், நெருங்கி அடிக்கும் ஆண்டி ருயிஸிடம் பட்டதும் இதே பாடம். ஜூன் மாதம் நியூயார்க்கில், மூன்றாம் சுற்றில் ருயிஸை வீழ்த்திவிட்டு, முடித்துவிடலாம் என்று அரைக்கை தூரத்துக்குள் போனார். அதே சுற்றில் இருமுறை விழுந்து, ஏழாவதில் தோற்றார். டிசம்பரில் சவூதி அரேபியாவில் ஜாப்பை நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றியே 12 சுற்றுகளையும் கடந்து புள்ளிகளில் வென்றார். பார்க்க அலுப்பான சண்டை. ருயிஸ் முந்தையதைவிட ஏறக்குறைய 15 பவுண்டு கூடுதல் எடையோடு வந்ததும் ஜோஷுவாவுக்கு உதவியது.

இரண்டாவது வழியான கிளின்ச்சை, அதாவது கட்டிப்பிடிப்பதை, ரசிகர்கள் வெறுக்கிறார்கள். எனக்கு அதன் மேல் கோபமில்லை, நம்பிக்கைதான் குறைவு. 1987 மார்ச்சில் போன்கிரஷர் ஸ்மித் 12 சுற்றும் டைசனைக் கட்டிக்கொண்டே நின்றார். விழவில்லை, ஆனால் படுதோல்வி. பிடிப்பதற்கு முன்னும் விட்ட பின்னும் அடிக்காவிட்டால் அது தோல்வியைத் தள்ளிப்போடுவது மட்டுமே. விளாதிமிர் கிளிச்கோ 2013-இல் மாஸ்கோவில் பொவெட்கினின் கழுத்தில் தன் பாரம் முழுவதையும் சாய்த்துக்கொண்டே இருந்தார். இடையிடையே அடிக்கவும் செய்ததால் நான்கு முறை வீழ்த்தி, புள்ளி போடும் மூன்று நடுவர்களிடமும் 119-104 பெற்றார்.

இந்த வழியின் சாவி போட்டியாளர் கையில் இல்லை, ரிங்குக்குள் நிற்கும் நடுவர் கையில் இருக்கிறது. 1974 ஜனவரியில் முகமது அலி, நெருங்கி அடிக்கும் ஜோ பிரேசியரின் பிடரியைப் பிடித்துக் கீழே அமுக்கியே அவருடைய இடக்கை ஹூக்கை முடக்கினார். நடுவர் டோனி பெரெஸ் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மணிலாவில் இருவரும் மறுபடி மோதுவதற்கு முன், பிடிப்பதை அனுமதிக்காத நடுவர் வேண்டும் என்று பிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் போராடினார். பிலிப்பைன்ஸ்காரரான கார்லோஸ் படியா வந்தார். அலி பிடிக்கப் பிடிக்க இந்த நடுவர் கையைத் தட்டிவிட்டார். அன்று அலி வென்றார், ஆனால் 14 சுற்றுகள் பிரேசியரின் அடியை வாங்கிய பிறகு.

லெனாக்ஸ் லூயிஸ் 2002-இல் மெம்ஃபிஸில் சாய்வதையும் ஜாப்பையும் கலந்து எட்டாவது சுற்றில் டைசனை முடித்தார். தள்ளியதற்காக நான்காவது சுற்றில் ஒரு புள்ளி பறிபோனது. எதிரே இருந்த டைசனுக்கு வயது 35. அந்தச் சண்டையை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

என் வாக்கு மூன்றாவது வழிக்கு. முன்னேறுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்குப் பின்னால் நடக்கத் தெரியாது. 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மேன் பிரேசியரின் தோள்களை இரு கையாலும் தள்ளினார். நிமிர்ந்து தடுமாறியவர் மறுபடி குனிந்து வரும்போது அப்பர்கட். இரண்டு சுற்றுக்குள் ஆறு வீழ்த்தல்கள். ஃபோர்மேனின் உடல்வலு எல்லோருக்கும் வாய்க்காது என்பீர்கள், சரிதான்.

அதனால்தான் இவாண்டர் ஹோலிஃபீல்ட் முக்கியமானவர். 1996 நவம்பர் 9 அன்று லாஸ் வேகாஸில் அவரிடம் டக்ளஸின் நீளமும் இல்லை, ஃபோர்மேனின் இடியும் இல்லை. டைசன் முதல் குத்தை வீசும் வரை காத்திருந்தார். வீசியதும் அதன் மேலேயே பதில் ஹூக். பிறகு கைகளைக் கட்டி, தோளைக் கொடுத்து ஓரடி முன்னே தள்ளுவார். நடுவர் மிட்ச் ஹால்பர்ன் பிரித்துவிடும்போது டைசன் தொடங்கிய இடத்துக்குப் பின்னால் நிற்பார். ஆறாவது சுற்றில் இடக்கை ஹூக்கில் டைசன் விழுந்தார், பதினொன்றாவதில் சண்டை நிறுத்தப்பட்டது. டைசனுக்கு அப்போது 30 வயது. பழைய டைசன் இல்லை என்று வாதாடலாம், ஆனால் கை கனம் குறையவில்லை.

இந்த வழிக்கு விலை உண்டு. ஐந்தாவது சுற்றில் ஹோலிஃபீல்ட் வாங்கிய அடிகளை வெளியிலிருந்து ஆடும் எவரும் வாங்கத் தேவையில்லை. தலை முன்னால் வந்து மோதும் பழியும் கூடவே வரும். அடுத்த ஜூனில் நடந்த மறுசண்டையில் டைசன் காதைக் கடித்துத் தகுதி இழந்ததற்கு முன்னால் அந்தத் தலை மோதல்கள் இருந்தன. தாடை உறுதியில்லாதவர் இந்தப் பக்கம் வரவே கூடாது. அவருக்கு ஜாப்பும் நல்ல கால்களும்தான். கூடவே, பிடித்தால் கண்டுகொள்ளாத ஒரு நடுவரும் அமைந்தால் நல்லது.