பிரசல்ஸில் மாலை ஐந்து, கொழும்பில் இரவு எட்டரை: ஐரோப்பிய ஆய்வு நிதி இணையவாசல்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய விரும்பும் கொழும்பு விரிவுரையாளர் எவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம், ஐரோப்பிய ஆணைக்குழுவின் ‘ஃபண்டிங் அண்ட் டெண்டர்ஸ்’ இணையவாசல். 2021 முதல் 2027 வரையான ஹொரைசன் யூரோப் ஆய்வு நிதித் திட்டம், எராஸ்மஸ் பிளஸின் உயர்கல்வி ஆற்றல் மேம்பாட்டுத் திட்டங்கள், மரீ கியூரி ஆய்வுப் புலமைப்பரிசில்கள் எல்லாம் இந்த ஒரு வாசலால்தான் போகின்றன. தகவல் தருவதில் இது முதல்தரம். விண்ணப்பம் வாங்குவதில் பரவாயில்லை. கூட்டாளி தேடித் தருவதில் மோசம்.

இலங்கை ஐரோப்பாவில் இல்லையே, எங்களுக்கு யார் காசு தருவார்கள் என்ற கேள்வி பீடங்களில் இன்னும் கேட்கிறது. ஹொரைசன் யூரோப்பில் தானாகவே நிதி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. இந்தியா அதில் இல்லை. ஆனால் சேர்ந்து விண்ணப்பிக்கும் நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையில் எங்களைச் சேர்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகள் அல்லது ஹொரைசனில் இணைந்த நாடுகள் மூன்றிலிருந்து தனித்தனியான மூன்று நிறுவனங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும். கொழும்பு நான்காவதாகத்தான் உள்ளே வரலாம்.

வேலை தொடங்குவது, வாசலுக்குள் நுழைவதற்கான ஈயூ லொகின் கணக்கில். அது சில நிமிடக் காரியம். கைபேசிச் செயலியை அப்போதே இணைத்துவிடுங்கள். சிக்கல் அடுத்த படியில், ‘பிக்’ எனப்படும் ஒன்பது இலக்க நிறுவனக் குறியீட்டில் இருக்கிறது. கணக்கு வைத்திருக்கும் எவரும் பல்கலைக்கழகத்தின் பெயரில் புதிய பிக் திறந்துவிடலாம். மருத்துவ பீடத்தில் ஒருவர், விஞ்ஞான பீடத்தில் ஒருவர் என்று ஆளுக்கொன்று திறந்தால் ஒரே நிறுவனத்துக்கு மூன்று நான்கு இலக்கங்கள் வந்துவிடும். அவற்றில் எது உறுதிப்படுத்தப்பட்டது என்று ஐரோப்பியக் கூட்டாளிக்கும் தெரியாது. பதிவேட்டில் நிறுவனப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடிப் பாருங்கள்; ‘உறுதிப்படுத்தப்பட்டது’ என்ற நிலை எதற்கு இருக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் மட்டும் புதிது.

உறுதிப்படுத்தாத பிக்கை வைத்தும் விண்ணப்பிக்கலாம். ஆவணங்களை ஆணைக்குழு கேட்பது திட்டம் தெரிவான பிறகுதான், ஆனால் அப்போது அவகாசம் குறைவு. அரச பல்கலைக்கழகத்துக்கு 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் ஆங்கிலப் பிரதி, நிறுவனத்தை அமைத்த ஆணை, வற் பதிவு அல்லது அது இல்லை என்பதற்கான சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் முன்கூட்டியே சேர்த்து வைப்பது நல்லது. ‘லியர்’ எனப்படும் நிறுவனப் பிரதிநிதியை நியமிக்கும் கடிதத்தில் துணைவேந்தர் போன்ற சட்டபூர்வப் பிரதிநிதி கையொப்பமிட வேண்டும். உடன்படிக்கையில் மின்னொப்பமிடக் கூடியவர் யாரென்று தீர்மானிப்பது லியர்தான். அந்த ஆள் ஓய்வுபெற்றுப் போய், இடத்துக்கு யாரும் நியமிக்கப்படாமல் இருந்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே இந்தப் பொறுப்பை ஒரு பேராசிரியரிடம் கொடுக்காமல் பதிவாளர் அலுவலகத்தில் வைத்திருப்பதே புத்தி.

விண்ணப்பம் கோரும் அழைப்புகளைத் தேடும் பகுதிக்குக் குறை சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் நிபந்தனைகள், மாதிரிப் படிவம், இறுதித் திகதி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். கூட்டாளி தேடும் பலகைதான் சந்தைக்கடை: ‘நாங்கள் எதற்கும் தயார்’ என்ற தொனியில் ஆலோசனை நிறுவனங்கள் போடும் அறிவித்தல்கள் குவிந்து கிடக்கும். அங்கே நேரத்தைக் கொட்டாமல் கோர்டிஸ் தரவுத்தளத்துக்குப் போங்கள். ஐரோப்பிய நிதியில் நடந்த திட்டங்கள், அவற்றின் ஒருங்கிணைப்பாளர்கள், யாருக்கு எத்தனை யூரோ என்பதெல்லாம் அங்கே திறந்து கிடக்கின்றன. உங்கள் துறையில் முடியும் தறுவாயிலுள்ள திட்டங்களைப் பாருங்கள். அந்தக் குழுக்கள்தான் அடுத்த விண்ணப்பத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும். டெங்கு, நெல், கரையோர அரிப்பு போன்ற விடயங்களில் கொழும்பிடம் தரவும் களமும் இருக்கின்றன. முதல் மின்னஞ்சலில் அதைச் சொல்லுங்கள், பல்கலைக்கழக வரலாற்றை அல்ல.

விண்ணப்ப வரைவைத் திறப்பது கூட்டமைப்பை நடத்தும் ஒருங்கிணைப்பாளர். தொடங்கும்போது திட்ட வகையைப் பிழையாகத் தெரிவு செய்தால் பிறகு மாற்ற வழியில்லை, புது வரைவுதான். ‘அ’ பகுதியை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். அதில் கொழும்புக் கூட்டாளி திருத்தக்கூடியது தன் நிறுவனத்துக்குரிய பக்கங்களை மட்டுமே. ‘ஆ’ பகுதி பிடிஎஃப். பக்க வரம்பைத் தாண்டினால் மேலதிகப் பக்கங்கள் மதிப்பீட்டாளர் கண்ணுக்கே தெரியாமல் மறைக்கப்படும். வேலைப்பொதிகளை, அதாவது திட்டத்தின் வேலைப் பகுதிகளை, விபரிக்கும் அட்டவணைகள் கடைசியில் வருவதால் வெட்டு விழுவதும் அங்கேதான். சிவப்பு எச்சரிக்கை இருந்தால் அனுப்ப முடியாது. மஞ்சள் இருந்தாலும் அனுப்பலாம். இறுதி நேரம் வரை எத்தனை தடவையும் அனுப்பலாம், கடைசியாகப் போனதுதான் கணக்கில் வரும். ஆகவே பாதி முடிந்ததையாவது முதல் நாளே ஒரு முறை அனுப்பிவிடுங்கள்.

இறுதி நேரம் பிரசல்ஸ் மாலை ஐந்து மணி. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அது கொழும்பில் இரவு 8.30, மற்றக் காலத்தில் 9.30. அரச அலுவலகம் 4.15க்கு மூடியபின் நிதியாளரிடமிருந்து தொகை விபரம் ஒன்று தேவைப்பட்டால் அடுத்த நாள்தான். வரவுசெலவை அதற்கு ஒரு கிழமை முன்பே பூட்டிவிடுவது நல்லது.

மதிப்பீடு மூன்று தலைப்புகளில் நடக்கும்: சிறப்பு, தாக்கம், நடைமுறைப்படுத்தலின் தரம். பொதுவாக ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. ஒவ்வொன்றிலும் மூன்றும் மொத்தத்தில் பத்தும் எடுத்தால்தான் நிதிக்கான போட்டியில் நிற்கலாம். முடிவு ஐந்து மாதத்தில், ஒப்பந்தம் மேலும் மூன்று மாதத்தில் என்பது கணக்கு.

இனிக் காசு விடயம். வழிகாட்டிகள் எங்களைப் போன்ற நாடுகளை மறந்துவிடும் இடம் இதுதான். செலவை ரூபாவில் வைத்து யூரோவில் அறிக்கையிட வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கி ரூபாவுக்கு நாளாந்த விகிதம் வெளியிடுவதில்லை. ஆகவே ஆணைக்குழுவின் இன்ஃபோயூரோ மாத விகிதங்களை அறிக்கைக் காலம் முழுவதற்கும் சராசரியாக்கிக் கணக்கிட வேண்டும். உதாரணமாக, யூரோ 220 ரூபாவாக இருந்தபோது 30 இலட்சம் செலவழித்தீர்கள். பிறகு ரூபா விழுந்து காலச் சராசரி 300 ஆகிவிட்டது. செலவான நாளில் 13,636 யூரோவாக இருந்த தொகையை இப்போது 10,000 என்றுதான் காட்டலாம். 2022 ஐக் கண்டவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. பெரிய கொள்வனவுகளை அறிக்கைக் காலம் முழுவதும் பரப்பினால் அடி குறையும்.

சம்பளம் நாள் கணக்கில் போகும். வருடச் செலவை 215 ஆல் பிரித்தால் நாள் விகிதம்: 38,70,000 ரூபா என்றால் நாளுக்கு 18,000. வேலை செய்த நாட்களை மாதந்தோறும் எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு வைத்திருக்க வேண்டும். வருடக் கடைசியில் ஒரே பேனையால் பன்னிரண்டு மாதத்துக்கும் கையெழுத்து வைத்தால் கணக்காய்வில் மாட்டும். மறைமுகச் செலவுக்கு நேரடிச் செலவில் 25 சதவீதம் தானாகவே சேரும், உப ஒப்பந்தச் செலவு போன்ற சிலவற்றுக்குச் சேராது.

செலவுக் கணக்கைப் பார்க்காமல் முன்கூட்டியே தீர்மானித்த தொகையைத் தரும் ‘மொத்தத் தொகை’ முறையிலான அழைப்புகள் கூடிவருகின்றன. அவற்றில் நாட்கணக்கும் நாணய மாற்றுக் கணக்கும் கேட்கப்படாது, கொழும்புக்கு இது பெரிய விடுதலை. ஆனால் வேலைப்பொதி முடிந்தால்தான் அதற்குரிய பணம். உங்கள் பங்கு முடிந்தும் இன்னொரு நாட்டுக் கூட்டாளியால் அதே பொதி இழுபட்டால் நீங்களும் காத்திருப்பீர்கள். எங்கள் வேலையைச் சிறிய, தனியான பொதியாகப் பிரிக்கச் சொல்லி எழுதும் கட்டத்திலேயே கேட்க வேண்டும்.

வங்கிக் கணக்கை இணையவாசல் கேட்பது ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும். எங்கள் பங்கு அவர் வழியாகத்தான் வரும். எத்தனை நாளுக்குள், எந்த நாணயத்தில், வங்கிக் கட்டணம் யார் தலையில் என்பதைக் கூட்டமைப்பு உடன்படிக்கையில் எழுதுவிக்க வேண்டும். பலரும் எடுத்தாளும் டெஸ்கா மாதிரி உடன்படிக்கையோடு இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கை வங்கிகளில் ஐபான் இலக்கம் கிடையாது. ஸ்விஃப்ட் குறியீடும் சாதாரணக் கணக்கு இலக்கமும் போதும் என்று ஒருங்கிணைப்பாளரின் பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால், முதல் தவணை திரும்பிப் போகாது.