பெயின்ற் அடிக்க மாட்டாராம்: பீற்றர்பரோவில் ஒரு பழைய ஜோன்சன் படகு எஞ்சின் திருத்திய கதை

கராஜுக்குப் பெயர்ப்பலகை இல்லை. கனடாவில் பீற்றர்பரோவுக்கு வெளியே ஒரு பண்ணை வளவின் பின்பக்கம், வாசலில் குவிந்து கிடக்கிற அவுட்போர்ட் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) கால்கள்தான் அடையாளம். எழுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாளாக வேலை செய்கிறார்.

நான் கொண்டுபோனது 1950களின் ஜோன்சன் க்யூடி, 10 குதிரைவலு. யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்றதை 60 டொலருக்கு வாங்கினேன். தகட்டில் பீற்றர்பரோ என்றே பொறித்திருக்கிறது. பிறந்த ஊருக்கே வைத்தியத்துக்கு வந்த மாதிரி. செய்த கம்பனி 2000 டிசம்பரில் வங்குரோத்தாகிவிட்டது. ஆனால் இதற்குப் பொறிக்கு மின்சாரம் தரும் கொயில் இன்னும் புதிதாக வாங்கலாம்.

முதலில் ரொறன்ரோவில் ஒரு கடையில் கொடுத்தேன். பொறி தட்டும் இரண்டு புளக்கை மாற்றிவிட்டு 120 டொலர் வாங்கினார்கள். எஞ்சின் தும்மக்கூட இல்லை.

கிழவர் புளக்கைத் தொடவே இல்லை. நேரே எஞ்சினின் மேலே சுழலும் பறக்கும் சில்லைக் (ஃப்ளைவீல்) கழற்றி, அடியில் இருந்த இரண்டு கொயில்களையும் காட்டினார். மேலோடு வற்றின குளத்துச் சேறு மாதிரி வெடித்துக் கிடந்தது. மின்சாரம் அந்த வெடிப்பால் ஒழுகிவிடும், புளக்கு வரை போகாது. புதிய கொயில் போட்டு, கால் அங்குல இடைவெளி வைத்துச் சுழற்றினார். நீலப் பொறி 'டிக் டிக்' என்று தாவியது. கொயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்றின் இடைவெளியை என் கையாலேயே வைக்கச் சொன்னார். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இருபது பங்கு; மூன்று தரம் பிழைத்தேன், ஒருதரமும் சலிக்கவில்லை மனிசன். தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கைகள் ஒரு பக்கம் மடிந்தபடியே காய்ந்திருந்தன. அதையும் மாற்றினார்.

ஒரு விசயத்தில் முரண்பட்டோம். இந்தப் பெற்றோல் ராங்கிக்கு இரண்டு குழாய்: எஞ்சின் ஒன்றால் காற்றைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் மற்றதால் பெற்றோல் வரும். எனக்கு அதை அப்படியே வைத்திருக்க ஆசை. அழுத்தம் ஏறிய பெற்றோல் ராங்கியைக் காலடியில் வைத்துக்கொண்டு போகிறவனுக்குத் தான் வேலை செய்யமாட்டேன் என்று சொல்லி, சின்னப் பெற்றோல் பம்ப் ஒன்றைப் பூட்டிவிட்டார். சரி, அவர் சொன்னதுதான் நியாயம்.

குறைகளும் உண்டு. மூன்று கிழமை என்றவர் மே மாதம் வாங்கி ஓகஸ்ற் கடைசியில்தான் தந்தார். தொலைபேசி எடுக்கமாட்டார். காசு மட்டுந்தான், 380 டொலர். பெயின்ற் அடிக்கக் கேட்டேன், அது தன் வேலை இல்லையாம். வடிவாக மினுக்கி வரவேற்பறையில் வைக்க விரும்புகிறவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மாட்டி, மூன்றாம் இழுவையில் பிடித்தது. கராஜ் முழுக்க நீலப் புகை. பருத்தித்துறையில் அப்பாவின் எஞ்சின் பெற்றோலில் பிடித்து மண்ணெண்ணெய்க்கு மாறும்போது ஒரு நொடி இருமும், இது இருமவில்லை. ராங்கி மூடியில் தடித்த பேனையால் '24க்கு 1' என்று எழுதித் தந்தார், 24 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில். போன சனிக்கிழமை ரைஸ் லேக்கில் இரண்டு மணித்தியாலம் ஓட்டினேன், ஒருக்காலும் நிற்கவில்லை.