சேலத்தில் வீடு, சரக்கு விமானத்தில் வேலை: சென்னை பேஸா, பெங்களூரு பேஸா?

ஓமலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் 737 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) முடித்துவிட்டு, சரக்கு விமானத்தில் கோ-பைலட்டாகச் சேரப்போகிறார். போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, சென்னையா பெங்களூரான்னு கேக்குறாங்க. பெங்களூருன்னே சொல்லிடவா? அதுதானே நமக்குக் கிட்ட?"

டூட்டி தொடங்கி முடியும் ஊரைத்தான் பேஸ் என்போம். நான் இரண்டு பேஸிலும் இருந்தவன். இரண்டு தடவையும் வீடு சேலம் அம்மாப்பேட்டையில்தான். மனைவிக்கு இங்கே வேலை, அம்மாவுக்கு இந்தத் தெருவை விட்டால் வேறு ஊர் கிடையாது. அதனால் குடும்பத்தோடு இடம் மாறுவது பற்றி இங்கே பேசப்போவதில்லை. முடிந்தவர்கள் மாறிவிடுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. மாற முடியாதவர்களுக்குத்தான் இது.

கிலோமீட்டர் கணக்கில் பெங்களூரு எளிதாக ஜெயிக்கும். சேலத்திலிருந்து ஏறக்குறைய 200 கி.மீ., சென்னை 340. ஆனால் அந்த 200 ஊர் வரைக்கும்தான். விமான நிலையம் இருப்பது வடக்கே தேவனஹள்ளியில். நாம் நுழைவது தெற்கே ஓசூர் ரோட்டில். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, ஊரைக் குறுக்கே கடந்து இன்னும் 50 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். சேலத்திலிருந்து ஓசூர் வருவதற்குள் வராத அலுப்பு இந்தக் கடைசித் துண்டில் வந்துவிடும்.

அப்புறம், நமக்குத் தூரத்தை அளக்கும் கோலே வேறு. ரிப்போர்ட்டிங் நேரத்தில், அதாவது டூட்டிக்குப் போய் நிற்க வேண்டிய நேரத்தில், உடம்பில் எத்தனை மணி நேரத் தூக்கம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சாயங்காலம் சேரும் சரக்கைப் பிரித்து ஏற்றி, நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு, விடியுமுன் அடுத்த ஊரில் இறக்கினால்தான் காலையில் அது டெலிவரிக்குப் போகும். உடம்பின் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும் நேரம் என்று, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதிகள் குறிப்பது இரவு 2 மணியிலிருந்து காலை 6 வரை. நம் வேலை சரியாக அதற்குள்தான் விழுகிறது. டூட்டிக்கு முன் குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அந்த 12 மணி நேரத்தில் நாம் தூங்கினோமா, கிருஷ்ணகிரி டோலில் வண்டியோடு நின்றோமா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. கம்பெனி அனுப்பி வேறு ஊருக்குப் போய் விமானம் எடுத்தால் அந்தப் பயணம் டூட்டியில் சேரும். வீட்டிலிருந்து பேஸுக்கு நாமாகப் போவது சேராது.

பெங்களூரு பேஸில் இருந்தபோது நான் காரில்தான் போய்வந்தேன். போகும்போது பெரிய தொல்லை இல்லை. மத்தியானம் கிளம்பினால் இரவு ரிப்போர்ட்டிங்குக்கு நேரம் இருக்கும். ஆனால் மத்தியானம் என்பது நான் தூங்கியிருக்க வேண்டிய நேரம். திரும்புவதுதான் ஆபத்து. முந்தின நாள் மாலை 3 மணிக்கு எழுந்தவன், இரவெல்லாம் பறந்து, காலை 6 மணிக்குச் சாவியைத் திருப்பினால், வீடு வந்து சேரும்போது 11 ஆகிவிடும். மொத்தம் 20 மணி நேர விழிப்பு. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 தான். ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம்.

ஒரு நாள் தருமபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறக்கம். முன்னால் கம்பி ஏற்றிய லாரி ஒன்று. கம்பிகளின் நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது நினைவில் இருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது, அந்தத் துணி என் கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. நடுவில் இருந்த சில வினாடிகள் என்னிடம் இல்லை. பிரேக்கை மிதித்து ஓரம் கட்டி இறங்கியபோது கால் நடுங்கியது. இரட்டைப் பாலம் பக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவது சேலத்து ஆட்களுக்குப் பழகிய செய்தி. அன்று லாரிக்குப் பிரேக் இருந்தது, எனக்குத்தான் இல்லை. அதன் பிறகு இரவு டூட்டி முடித்துக் கார் ஓட்டியதே இல்லை.

பஸ் எந்நேரமும் உண்டு. ஆனால் பெங்களூரில் இறங்கி விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பஸ் பிடித்து ஊரைக் கடக்க வேண்டும், உட்கார்ந்தபடி வரும் தூக்கம் அரைத் தூக்கம்தான். தருமபுரி, ஓசூர் வழியாகப் போகும் ரயில்களும் இருக்கின்றன. 2023 கடைசியில் கோவை - பெங்களூரு வந்தே பாரத்தும் வந்தது. நல்ல வண்டிகள்தான், ஆனால் ஊரைக் கடக்கும் பாடு அப்படியேதான் இருக்கிறது.

சரி, சென்னை. இரவு சேலம் ஜங்ஷனில் எழும்பூர் ரயில் ஏறினால், ஆத்தூர், விருத்தாசலம் வழியாக விடியுமுன் தாம்பரம். அங்கிருந்து பல்லாவரம் மூன்றாவது ஸ்டேஷன், அடுத்தது திரிசூலம். திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். சென்ட்ரல் போகும் ஏற்காடு எக்ஸ்பிரஸும் உண்டு, ஆனால் அதில் போனால் மறுபடி ஊருக்குள்ளிருந்து தெற்கே வர வேண்டும். எழும்பூர் வண்டியில் நடு பெர்த் கிடைத்தாலும் கால் நீட்டிப் படுக்கலாம். ஐந்து மணி நேரம் கிடைமட்டமாக உடம்பு கிடக்கிறது, யாரோ ஓட்டுகிறார், எனக்கு வேலை இல்லை. அதற்கு மேல் பல்லாவரம் அறையில் மத்தியானம் இன்னொரு தூக்கம். இரவு ரிப்போர்ட்டிங்குக்குப் போகும்போது தலை தெளிவாக இருக்கும். இறங்கின அன்று காலை கோவைப் பக்கம் போகும் ரயில் ஏதாவது பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. தவறவிட்டால் அறையில் தூங்கிவிட்டு இரவு வண்டி.

அறை இல்லாமல் இது நடக்காது. நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டிருக்கிறோம். எந்த பேஸாக இருந்தாலும் அறை வேண்டும், ஏனென்றால் ஸ்டாண்ட்பை நாளில், அதாவது அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய நாளில், கூப்பிட்டால் சேலத்திலிருந்து போய்ச் சேர முடியாது. அந்தச் செலவைச் சம்பளத்தில் முதலிலேயே கழித்துவிட்டுத்தான் வீட்டுக் கணக்கு போட வேண்டும்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி மேற்குக் கரையில் சியாட்டில் பக்கத்தில் குடியிருந்தவர். பேஸ் கிழக்குக் கரையில் நெவார்க். முந்தின இரவு சரக்கு விமானங்களில் மெம்ஃபிஸ் வழியாகத் தொற்றிக்கொண்டு வந்து, பணியாளர் அறையில் கண்ணயர்ந்துவிட்டு டூட்டிக்குப் போயிருக்கிறார். அறிக்கையைப் படித்தபோது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நெவார்க்கில் அவருக்கென்று ஒரு படுக்கை இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்தே விமானம் இருக்கிறதே என்று கேட்பார்கள். 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் சென்னைக்குச் சேவை தொடங்கியது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வந்தன. கிடைக்கிற நாளில் நானும் ஏறுவேன். வீட்டுக்கு வருவதற்கு அது நன்று. டூட்டிக்குப் போக அதை மட்டும் நம்ப மாட்டேன்.

பெங்களூருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு நாள் இடைவெளி கிடைத்தாலும் அங்கிருந்து வீட்டுக்கு எட்டிப் பார்க்கலாம். சென்னையிலிருந்து இரண்டு நாளாவது இருந்தால்தான் வருவதில் அர்த்தம். பிள்ளை சின்னவளாக இருந்தபோது அந்த ஒரு நாள் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. வீடு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பெங்களூருதான்.

தம்பி வீடு ஓமலூர். சென்னை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பல்லாவரத்தில் அறை பார்க்கும்போது கிழக்குப் பார்த்த ஜன்னல் வேண்டாம், கீழே ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்று பகலில் ஒருமுறை போய் நின்று கேள் என்றும் சொல்லியிருக்கிறேன். கறுப்புத் திரைத்துணி என்னிடம் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கிறது. சேர்ந்ததும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.