பெட்டிக்கடை அல்ல, அட்டைப்பெட்டிக் கடை

தாராசுரத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அட்டைப்பெட்டிக் கடை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்காரர்கள் அங்கேதான் பெட்டி வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நான் வீட்டில் கறிவடகம் போட்டு விற்கிறேன். ஒரு பெட்டிக்குக் கால் கிலோ பை ஆறு.

முன்பு வாங்கிய பெட்டியின் அளவு 30, 20, 15 சென்டிமீட்டர். அதையே கூரியர் படிவத்தில் எழுதிவந்தேன். கூரியரில் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக்கிப் பார்ப்பார்கள்; அதுவா தராசு எடையா, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் அந்த இட எடை 1.8 கிலோ, தராசில் 1.7. இரண்டு கிலோ கட்டணம்தானே? பில்லில் பெட்டிக்குப் பெட்டி இரண்டரை கிலோ போட்டிருந்தார்கள். போய்ச் சண்டையே போட்டேன்.

கடைக்கார அண்ணன் கேட்டுச் சிரித்தார். "பெட்டிக்காரன் உள்ளளவு சொல்வான், கூரியர்காரன் வெளியளவு எடுப்பான். நடுவுல அட்டை இருக்கேம்மா!" மூன்றடுக்கு அட்டை 3 மில்லிமீட்டர் தடிமன். நீளத்திலும் அகலத்திலும் 6 மில்லி கூடும். மேலும் கீழும் மடிப்பு இரட்டை என்பதால் உயரத்தில் 12. அதை அடுத்த முழு சென்டிமீட்டராக்கினால் 31, 21, 17. வகுத்தால் 2.2 கிலோ, அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றினால் இரண்டரை. சண்டை போட்டது வீண்தான். உள் உயரத்தை 13 ஆக்கிக் கொடுத்தார், இப்போது 1.95. பைகளின் தலையை மடித்து, தலைமாற்றிப் படுக்க வைத்தால் ஆறும் அடங்குகின்றன. ஐப்பசி மழையில் அட்டை ஈரம் குடித்து வயிறு தள்ளும், அந்தத் தொப்பையையும் சேர்த்துத்தான் அளப்பார்கள், தரையில் அடுக்காதே என்றும் சொன்னார்.

அப்புறம் மயிலாடுதுறையில் ஒரு சூப்பர் மார்க்கெட் ரேக்கில் வைக்க அளவு கேட்டது. காலிப் பையின் 16-க்கு 24-ஐ எழுதப் போனேன். தடுத்தவரும் அவரே. கூரியருக்குப் பெட்டியை எப்படிப் புரட்டினாலும் பெருக்கல் ஒன்றுதான். ரேக்கில் அப்படியில்லை: லேபிள் நம்மைப் பார்க்க நிறுத்தி, இடமிருந்து வலம் அகலம், முன்னிருந்து பின் ஆழம். வடகம் நிரப்பி நிறுத்திய பை 14 அகலம், 22 உயரம், 8 ஆழம். 60 சென்டிமீட்டர் தட்டில் காலிப் பைக் கணக்குக்கு மூன்றுதான் நிற்கும். இந்தக் கணக்கில் நான்கு. அந்த நாலாவது பைக்காகவே அவருக்கு ஒரு பொட்டலம் வடகம் கொடுத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. நூறு பெட்டிக்குக் குறைந்தால் தொடமாட்டார். ஒன்று முதல் நான்கு வரை கதவு சாத்தியிருக்கும், தட்டினாலும் திறக்காது. ஐந்தடுக்குப் பெட்டி கேட்டால் "அடுத்த வாரம்" என்பார். எந்த வாரம் என்று சொல்லமாட்டார்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஸ்கூட்டரில் போகிறவர்கள் கயிறு எடுத்துப் போங்கள், அங்கே தரமாட்டார்கள்.